அன்னம்மாள் கோயிலும் ஆயாம்மாவின் மூன்று பங்கும்

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்திவரும் நான், இந்தப் பழமொழியை எத்தனை முறை பலகையில் எழுதிப் போட்டிருப்பேனோ, கணக்கில்லை. வாக்கியத்தில் அமைத்துக் காட்டு என்றால் பிள்ளைகளும் சளைக்காமல் எழுதுவார்கள். அதன் பொருளைப் பற்றி நான் ஒருநாளும் ஐயம் கொண்டதில்லை. சென்ற ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குப் போய்வந்த பிறகுதான், அந்தப் பழமொழியில் 'மிஞ்சி' என்ற சொல்லுக்கு அளவு என்ன என்று யோசிக்கத் தொடங்கினேன்.

நான் கிறிஸ்தவன் அல்லன். மாரியம்மன் கோயில் தீமிதியைப் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் வடக்கே இருக்கும் நம் தோட்டத்து மக்களுக்கு அன்னம்மாள் அந்நியம் இல்லை. பிள்ளை வரம் வேண்டியும், நோய் தீர வேண்டியும் அங்கே போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிற இந்துக் குடும்பங்கள் ஏராளம். என் தாயார்கூட ஒரு முறை போயிருக்கிறார். நான்தான் நாற்பது வயது தாண்டியும் போகாமல் இருந்தேன்.

என்னைப் போக வைத்தவர் எங்கள் தோட்டத்து ஆயாம்மா.

மைலோ டப்பாவும் வேண்டுதலும்

ஆயாம்மாவின் பெயரைச் சொன்னால் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தாய்மார்கள் விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். என் மாணவர்கள் பலர் அவர் கட்டிய ஏணையில் தூங்கியவர்கள். கணவர் காலமாகி வெகுநாளாயிற்று. மகள் வழிப் பேரன் ஒருவனை வைத்துக்கொண்டு பழைய லயத்தில் கடைசி வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பட்டணத்து மாதா கோயிலுக்குப் போய்விடுவார்.

சென்ற ஆண்டு அந்தப் பேரனுக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தான். அப்போது ஆயாம்மா அன்னம்மாளுக்கு ஒரு நேர்ச்சை செய்துகொண்டார்: "பையன் பிழைத்து வந்தால் என் கையிலிருப்பதையெல்லாம் உன் காலடியில் வைக்கிறேன்." பையன் பிழைத்தான். கையிலிருப்பது என்றால் ஊழியர் சேமநிதியில் எடுத்ததில் செலவு போக மிச்சமிருந்த 9,000 வெள்ளி. வங்கியில் போட்டு வைத்திருந்த அந்தப் பணத்தை எடுத்து, ஒரு மைலோ டப்பாவுக்குள் சுருட்டி வைத்து, டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரே, இவ்வளவு காசைத் தூக்கிக்கிட்டுத் தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வாங்க."

எனக்குப் பகீரென்றது. மனத்துக்குள் ஒரு கணக்கும் ஓடியது. தோட்டத்திலும் சேர்த்து நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்குப்படி 9,000 வெள்ளி என்பது ஓர் ஆள் ஐந்து மாதத்துக்கு மேல் உழைத்தாலும், சாப்பிடாமல் சேர்த்தால்தான் கிடைக்கும் பணம். வழியில் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் என் சின்னம்மா மகன் என்னிடம் வந்து கடன் கேட்டிருந்தான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், வேலை போய்விட்டது. பட்டணத்து ஓரத்தில் வாடகை வீடு. மாதம் 400 வெள்ளி. மூன்று மாதப் பாக்கி. 1,200 வெள்ளி கேட்டான். அவன் கொஞ்ச காலமாக ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் செபக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கிருந்த போதகர் ஒருவர், ஆண்டவருக்குப் பணத்தை விதையாகப் போட்டால் நூறு மடங்காய்த் திரும்பி வரும் என்று சொல்ல, வேலையில் இருந்த காலத்தில் சேர்த்த 3,000 வெள்ளியை அப்படியே கொடுத்துவிட்டான். திரும்பி வந்தது எதுவுமில்லை. நான் அவனைப் பார்த்து, "விதை போட்ட இடத்திலேயே போய் அறுத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

மலையடிவாரத்தில்

ஒரு சனிக்கிழமை காலை பசியாறிவிட்டுப் புறப்பட்டோம். சுங்கைப் பட்டாணி நிலையத்தில் ரயில் ஏறினால் புக்கிட் மெர்தாஜாம் வெகு தூரமில்லை. அங்கிருந்து கூலிம் சாலை வழியே வாடகை வண்டியில் சற்று நேரப் பயணம். திருவிழாக் காலம் என்பதால் சாலையின் இரு பக்கமும் வாகனங்கள். பேராக்கிலிருந்தும் சிலாங்கூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்த வாடகைப் பஸ்கள். அன்னம்மாள் திருநாள் ஜூலை 26. அதையொட்டி நவநாளும் திருவிழாவுமாகப் பத்து நாள் அந்த மலையடிவாரம் ஓர் ஊராகவே மாறிவிடுகிறது.

பட்டணத்துக்குப் பின்னால் புக்கிட் மெர்தாஜாம் மலை பச்சைப் பசேலென்று எழுந்து நிற்கிறது. அதன் அடியில் அகலமான வளாகம். கீழே பெரிய புதிய கோயில், 2002இல் திறக்கப்பட்டது. மினாங்கபாவ் வீடுகளைப் போல் கூரை வளைந்து மேலெழும்பி நிற்கும். உள்ளே தூண்கள் மறைக்காத அகன்ற மண்டபம். சற்று மேலே, மரங்களுக்கிடையில், 1888இல் கட்டப்பட்ட பழைய சிறு கோயில். பலருக்கும் அந்தப் பழைய கோயில்தான் அன்னம்மாளின் வீடு. முழங்காலில் நின்று மன்றாடுகிறவர்களை அங்கேதான் அதிகம் பார்த்தேன்.

இந்த இடத்தின் வரலாறு எளியவர்களின் வரலாறு. பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரிமார்கள், இங்கே காடு திருத்திப் பயிர் செய்த சீன விவசாயிகளுக்காக 1846இல் ஒரு சிறு கோயிலை அமைத்தார்கள். பின்னர் தமிழரும் வந்து சேர்ந்தனர். அவசர காலத்தில் (1948–1960) இந்தப் பகுதி 'கறுப்பு வட்டாரம்' என்று அடைக்கப்பட்டு, பழைய கோயில் ஆளற்றுக் கிடந்தது. பிறகு மக்களின் காணிக்கையால் மீண்டும் எழுந்தது. 2019இல் இது இளைய பசிலிக்கா என்ற சிறப்பையும் பெற்றது. இப்போது தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என நான்கு மொழிகளிலும் பூசை நடக்கிறது.

தமிழாசிரியன் என்ற முறையில் என்னை நிறுத்தி வைத்த இன்னொன்றும் அந்த வளாகத்தில் உண்டு. செரோக் தோக்குன் கல்வெட்டு! ஒரு பெரிய பாறையில் பழைய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இதைக் கண்டு பதிவு செய்தார். பல்லவ எழுத்து என்றும், ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமை என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பூஜாங் பள்ளத்தாக்கை நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அதே காலத்துத் தொடர்பின் சுவடு இது. கிறிஸ்தவக் கோயிலின் மண்ணில் பழைய இந்தியாவின் எழுத்து மழையிலும் வெயிலிலும் படுத்துக் கிடக்கிறது. பள்ளிச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஆசிரியர்கள் இதை மறவாமல் காட்ட வேண்டும்.

மெழுகுவத்தி ஏற்றும் இடத்தில் அனல் முகத்தில் அடிக்கிறது. நீரூற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பூ வைத்த சீனப் பாட்டி ஒருத்தி தன் மெழுகுவத்தி அணைந்துவிட, பக்கத்தில் நின்ற நம் தமிழ்ப் பெண்ணின் மெழுகுவத்தியில் பற்றவைத்துக்கொண்டாள். இருவருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டதோடு சரி.

ஆயாம்மா எதையும் பார்க்கவில்லை. துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஆபீசு எங்க இருக்குன்னு கேளுங்க வாத்தியாரே" என்றார். வழியில் நான் பேசிய பேச்சு ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை.

சாமியார் போட்ட கணக்கு

அலுவலகத்தில் வயதான தமிழ்ச் சாமியார் ஒருவர் இருந்தார். திருவிழாவுக்கு உதவியாக வேறு ஊரிலிருந்து வந்தவராம். ஆயாம்மா மைலோ டப்பாவை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். நேர்ச்சையைச் சொன்னார். சாமியார் பணத்தைத் தொடவில்லை.

"வீட்டுல யாரும்மா இருக்கா?"

"பேரன் ஒருத்தன், சாமி. பதினோரு வயசு."

"வீடு சொந்தமா?"

"தோட்டத்து வீடு. தோட்டத்தை விக்கப் போறதாப் பேச்சு இருக்கு."

"இந்தப் பணத்தை நான் வாங்கிக்கிட்டா, நாளைக்கு அந்தப் பையனுக்கு யார் சோறு போடுவா?"

"அன்னம்மா பாத்துக்குவா, சாமி. அந்த ஏழைக் கைம்பெண் தன்கிட்ட இருந்த ரெண்டு காசையும் போட்டாளே, யேசு அவளை மெச்சினாரே?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் ஆயாம்மா. ஆனால் வாதத்தில் யாருக்கும் இளைத்தவரில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

அந்தக் கதையை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே யேசு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். செல்வர்கள் நிறையப் போடுகிறார்கள். ஓர் ஏழைக் கைம்பெண் வந்து, அந்நாளில் புழங்கிய மிகச் சிறிய செப்புக் காசு இரண்டைப் போடுகிறாள். எல்லாரையும்விட அவளே அதிகம் போட்டாள் என்கிறார் யேசு. மற்றவர்கள் மிஞ்சியதிலிருந்து போட்டார்கள், அவளோ பிழைப்புக்கு வைத்திருந்ததையே போட்டாள் என்பது அவர் காட்டிய காரணம். அந்த இரண்டு காசு ஒரு நாள் கூலியில் 64இல் ஒரு பங்கு. மாதம் 1,700 வெள்ளி, 26 நாள் வேலை என்று வைத்தால், இன்றைக்கு ஏறக்குறைய ஒரே ஒரு வெள்ளி! நம் பழமொழி எந்த இடத்தில் நிறுத்துகிறதோ, அதற்கு அப்பால் போய் அளக்கிறது இந்தக் கதை. எவ்வளவு கொடுத்தாய் என்பதைவிட, கொடுத்தபின் உனக்கு எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்கிறது.

சாமியார் சிரித்தார். "கதையைச் சரியாச் சொன்னம்மா. ஆனா அதுக்கு முந்தின வரியைப் படிச்சியா? கைம்பெண்களோட வீட்டை விழுங்கிட்டு, நீளமா செபம் பண்றவங்களை யேசு கண்டிச்ச உடனேதான் அந்தக் கதை வருது. கொடுத்த அவளை அவர் மெச்சினார். வாங்கினவங்களை மெச்சல. நான் இப்ப இதை வாங்கினா, நான் யாரு?"

அறையில் சற்று நேரம் பேச்சே இல்லை. எனக்கு மாடி வீட்டுப் போதகரின் நினைவு வந்தது. உடனே, நான் பெருமையோடு சொல்லி அனுப்பிய அந்தச் சொல்லின் நினைவும் வந்தது.

சாமியார் அன்னம்மாளின் கதையைச் சொன்னார். அன்னம்மாளைப் பற்றி விவிலியத்தில் எதுவும் இல்லை. மரியாளின் பெற்றோர் சுவக்கீனும் அன்னாளும் என்பது பிற்காலத்துப் பழைய ஏடுகளில் வரும் செய்தி. அப்படி ஓர் இலத்தீன் ஏட்டில், சுவக்கீன் பதினைந்து வயதிலிருந்தே தன் ஆட்டு மந்தையின் வருவாயை மூன்று பங்காக்குவாராம். ஒரு பங்கு அனாதைகள், கைம்பெண்கள், வழிப்போக்கர், ஏழைகளுக்கு. ஒரு பங்கு இறைவன் பணி செய்பவர்களுக்கு. ஒரு பங்கு தனக்கும் தன் வீட்டாருக்கும். பிள்ளையில்லை என்ற காரணத்தால் ஒருநாள் ஆலயத்தில் அவருடைய காணிக்கையை ஏற்காமல் திருப்பி அனுப்பினார்களாம். பிறகுதான் மரியாள் பிறந்தாள் என்று கதை போகிறது.

"உன் அன்னம்மா வீட்டுலயே ஒரு பங்கு வீட்டுக்குத்தான் வச்சாங்க. நீ மட்டும் ஏன் வைக்கமாட்டேங்கற? மூணும் சமமா இருக்கணும்னு சட்டமில்ல. கோயிலுக்கு மனசு நோகாமக் கொடுக்கறதைக் கொடு. ஏழைக்கான பங்கை இங்க போடாத. உன் தோட்டத்திலயே ஆள் இருப்பாங்க, பாரு."

ஆயாம்மா வெகு நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எண்ணத் தொடங்கினார். கோயிலுக்கு 500 வெள்ளி. சாமியார் இரசீது எழுதிக் கொடுத்தார். மிச்சத்தை மறுபடியும் டப்பாவில் போட்டு மூடினார்.

மாலைப் பூசையும் பெஞ்சில் கேட்ட கதையும்

மாலையில் தமிழ்ப் பூசை. கூட்டம் உள்ளே கொள்ளாமல் வெளியே வழிந்தது. பூசைக்கு முன் பழைய கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேச்சுத் துணையாகக் கிடைத்தார். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். மனைவி கத்தோலிக்கர் என்பதால் ஆண்டுதோறும் வருகிறாராம். சாமியார் போட்ட கணக்கை அவரிடம் சொன்னேன். அவர் தம் பங்குக்கு ஒரு கணக்கைச் சொன்னார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703–1791) இளமையில் ஆண்டுக்கு 30 பவுன் சம்பாதித்தார். 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனைத் தருமம் செய்தார். அடுத்த ஆண்டு 60 பவுன் கிடைத்தது. அப்போதும் 28 பவுனில் வாழ்ந்து 32 பவுனைக் கொடுத்தார். பிறகு 90, பிறகு 120. வாழ்க்கைச் செலவு மட்டும் 28ஐத் தாண்டவில்லை. கொடை 62 ஆயிற்று, 92 ஆயிற்று. நாம் சம்பளம் ஏறியதும் வீட்டுச் சாமானை ஏற்றுகிறோம். அவர் கொடையை ஏற்றினார். 'மிஞ்சியது' தானாக மிஞ்சாது, அதை நாம்தான் கோடு போட்டு மிஞ்ச வைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கியது.

அவருடைய மனைவி ழான் ஜுகான் என்ற பிரெஞ்சுப் பெண்ணின் கதையைச் சொன்னார். 1792இல் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்து, வீட்டு வேலை செய்து பிழைத்தவள். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கண் தெரியாத ஒரு கிழவியைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்து, தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் வேறிடத்தில் படுத்தாளாம். அந்தக் கிழவியின் பெயரும் அன்னாள்தான். அப்படித் தொடங்கியதுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டு முதியவர்களைக் காப்பாற்றினாள். ஒருவன் கோபத்தில் அடித்துவிட்டானாம். "இது எனக்கு; இனி என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள்" என்ற பொருள்படப் பதில் சொன்னாளாம். சபை வளர்ந்த பின், நிரந்தர வருமானம் தரும் சொத்து ஒன்று வந்தது. 1865இல் அந்தச் சகோதரிகள் அதை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். நாளுக்கு நாள் மனிதர்களின் கொடையை நம்பியே இருப்போம் என்று முடிவு செய்தார்கள். ழான் ஜுகான் 2009இல் புனிதையாக அறிவிக்கப்பட்டாள். பினாங்குத் தீவில் பத்து லஞ்சாங் சாலையில் அந்தச் சகோதரிகள் நடத்திய முதியோர் இல்லத்தை நம்மில் பலர் அறிவோம். இனமும் மதமும் பாராமல் எடுத்துப் பராமரித்தவர்கள்.

ஆயாம்மா இதையெல்லாம் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப, கேக்கறதும் ஒரு புண்ணியந்தான், இல்லையா?" என்றார் திடீரென்று.

யாரும் பதில் சொல்லவில்லை. என் தம்பி என்னிடம் கேட்க வந்தபோது வாசலிலேயே நின்றது நினைவுக்கு வந்தது. நான் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

பூசையில் படித்த வாசகத்தைக் கவனித்துக் கேட்டேன். பவுல் அடியார் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய கடிதம். பஞ்சத்தில் வாடிய எருசலேம் மக்களுக்காக ஊர் ஊராகப் பணம் திரட்டுகிறார். மக்கெதோனியா நாட்டுச் சபையார் தாங்களே வறுமையில் இருந்தும், எங்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டார்களாம். அதை எடுத்துக் காட்டும் பவுல், உங்களை வருத்திப் பிறரைச் சுகமாக வைப்பது என் நோக்கம் அல்ல, இருவருக்கும் சமநிலை வர வேண்டும் என்பதே நோக்கம் என்று விளக்குகிறார். வற்புறுத்தலால் கொடுக்காமல் முகமலர்ச்சியோடு கொடுக்க வேண்டும் என்கிறார். நூறு மடங்கு வட்டிக்கு அங்கே இடமில்லை. கொடை என்பது ஆண்டவரோடு செய்யும் வியாபாரமாகத் தெரியவில்லை.

செல்வத்தைப் பற்றி அந்த வேதம் பேசும் தொனி கடுமையானதுதான். செல்வன் விண்ணரசில் நுழைவது ஒட்டகம் ஊசிக் காதில் நுழைவதைவிட அரிது என்று சொல்கிறது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிய பணக்காரன் அன்றிரவே இறந்த கதையைச் சொல்கிறது. ஆனால் சக்கேயு என்ற வரி வசூலிப்பவன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்து, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னபோது, மறு பாதியையும் கொடு என்று யேசு கேட்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இல்லை. பிடியைத் தளர்த்து என்பதுதான் எல்லாருக்கும் பொது.

திரும்பும் வழியில்

இரவு மெழுகுவத்திப் பவனி பார்த்தோம். ஆயிரக்கணக்கான சுடர்கள் மலையடிவாரத்தில் மெல்ல நகர்ந்தன. அன்னம்மாளின் சுரூபம் பூக்களுக்கு நடுவே அசைந்து வந்தது. சிறுமியான மரியாளுக்குத் தாய் படிக்கக் கற்றுக் கொடுக்கும் கோலத்தில் அவளைப் படங்களில் பார்த்திருக்கிறேன். வாத்தியார் என்ற முறையில் அவளிடம் எனக்குச் சற்று உரிமை உண்டு என்று தோன்றியது.

திரும்பும் வழியில் எங்கள் பக்கத்துத் தோட்டத்து வேன் ஒன்றில் இடம் கிடைத்தது. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். ஆயாம்மா மட்டும் விழித்திருந்தார்.

"வாத்தியாரே, எனக்கும் பேரனுக்கும் ஆறாயிரம் வச்சுக்கறேன். ஏழை பங்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு இருக்கு. உங்க சின்னம்மா மகன் வீட்டு வாடகை எவ்வளவு பாக்கி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு யார் சொன்னது?"

"லயத்துல எது தெரியாம இருக்கும்? அவன் சின்ன வயசுல என் ஏணையில தூங்கினவன். ஆயிரத்து இருநூறுதானே? நான் குடுத்துடறேன்."

"வேண்டாம் ஆயாம்மா. அவன் ஏமாளி. போதகர் பேச்சைக் கேட்டு மூவாயிரத்தைக் கொடுத்துட்டு நிக்கிறான்."

ஆயாம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் இன்னிக்கு ஒன்பதாயிரத்தைக் கொண்டு போனேனே, நான் மட்டும் என்ன? எனக்கு நல்ல சாமியார் கிடைச்சார். அவனுக்குக் கிடைக்கல. அவ்வளவுதானே வித்தியாசம்?"

வண்டி பிறை ஆற்றைக் கடந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. வெளியே ஒரே இருட்டு. செம்பனைக் காடுகள் வண்டி விளக்கில் வந்து வந்து மறைந்தன. எனக்குப் பதில் வரவில்லை. ஒரு மைல் தூரம் போன பிறகு, "அதை நானே கொடுத்துடறேன், ஆயாம்மா" என்றேன்.

"முழுசா வேணாம். பாதி நீங்க, பாதி நான். அப்பத்தான் ரெண்டு பேருக்கும் நிம்மதி."

கணக்கு முடிவு

மறுநாளே 600 வெள்ளியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். முகமலர்ச்சியோடு கொடுத்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அது பொய்யாகும். என் மகள் பல்கலைக்கழகம் போகவிருக்கிறாள். வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை. போகிற வழியெல்லாம் அந்த 600 வெள்ளி சட்டைப்பையில் கனத்துக்கொண்டே இருந்தது. தம்பி மனைவி தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். அவன் பணத்தை எண்ணவில்லை. "அண்ணே, அன்னிக்கு நீங்க சொன்னது சரிதான்" என்றான். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. நான் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் பசித்தவன் வாசலில் நிற்கும்போது சொல்ல வேண்டிய சொல் அதுவல்ல.

"அன்னிக்கு உன்னை உட்காரக்கூடச் சொல்லலடா" என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

அவன் இன்னும் அந்த மாடி வீட்டுக்குத்தான் போகிறான். போகாதே என்று நான் சொல்லவில்லை. இப்போது ஒரு சிமெந்து லாரியில் உதவியாளாக வேலை கிடைத்திருக்கிறது. ஆயாம்மாவின் ஏழை பங்கில் மிச்சம் 1,900 வெள்ளி. அது யார் யாருக்குப் போகிறது என்று கேட்டேன். "அதைச் சொல்லிட்டா அப்புறம் அது என்ன தருமம்?" என்று வாயை மூடிக்கொண்டார். நம் கோயில் திருவிழாவில் ஐந்து வெள்ளி கொடுத்தவர் பெயரையும் ஒலிபெருக்கியில் வாசிக்கச் சொல்லும் நிர்வாகக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசலாம் என்றிருக்கிறேன்.

வாசகர்களே! வாய்ப்புக் கிடைத்தால் புக்கிட் மெர்தாஜாம் போய்வாருங்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் திருவிழாக் காலத்தைத் தவிர்த்து ஒரு சாதாரண நாளில் போகலாம். பழைய கோயிலும் கல்வெட்டும் அமைதியாகப் பார்க்கக் கிடைக்கும். குடையும் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துச் செல்லுங்கள். மலையடிவாரத்தில் மழை சொல்லிக்கொண்டு வராது.

இந்த ஆண்டும் எங்கள் வகுப்பில் அந்தப் பழமொழிப் பாடம் வந்தது. பலகையில் எழுதினேன். ஒரு பையன் எழுந்து, "சார், எவ்வளவு மிஞ்சினா தருமம் பண்ணலாம்?" என்று கேட்டான். ஆயாம்மாவின் பேரன்தான். பாட்டியைக் கேட்டுக்கொண்டு வா என்று சொல்லி உட்கார வைத்தேன்.